வாய் திறக்கும் கப்பலும் நம் கடற்கரையும்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு மாணவன்தான் எனக்கு வழி காட்டினான்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைப் போர்ட்டிக்சனுக்கு அழைத்துப் போயிருந்தோம். இராணுவப் பொருட்காட்சி சாலையில் நிறுத்தி வைத்திருக்கும் டாங்கிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடற்கரையில் மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அப்போது அவன் கேட்டான்: "டீச்சர், அவ்வளவு கனமான டாங்கியைக் கப்பல்ல இருந்து எப்படி இறக்குவாங்க? துறைமுகம் எதிரி கையில இருந்தா என்ன செய்வாங்க?"

நல்ல கேள்வி! உலகத்துப் பெரிய பெரிய தளபதிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது. அதற்குக் கிடைத்த விடையின் ஒரு பகுதி, நாங்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் கடற்கரையிலேயே 1945-ஆம் ஆண்டு நடந்தது. நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றோர் பலருக்கும் தெரியாது. ஆசிரியைப் பயிற்சி முடித்து வந்த எனக்கே வெகு நாள் தெரியாமல்தான் இருந்தது. ஆகவே அதையே எழுதத் துணிந்தேன்.

துறைமுகம் இல்லாத இடத்தில்

1940-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஜெர்மானியப் படை பிரிட்டிஷ் படையையும் பிரெஞ்சுப் படையையும் டன்கர்க் என்ற கரையில் நெருக்கிப் பிடித்தது. ஜூன் 4-ஆம் தேதிக்குள் 3,38,000 பேருக்கு மேல் கப்பலிலும் படகிலும் ஏறித் தப்பினார்கள். ஆள் தப்பியது, சாமான் தப்பவில்லை. டாங்கி, லாரி, பீரங்கி எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

அப்போது பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் சர்ச்சில். திரும்ப ஒரு நாள் அந்தக் கரைக்குப் போக வேண்டுமென்றால், பெருங்கடலைத் தாண்டிப் போய், துறைமுகமே இல்லாத மணற்கரையில் டாங்கிகளை நேரே இறக்கிவிடும் கப்பல் வேண்டும் என்று அவர் விரும்பினார். இதில்தான் சிக்கல். பெருங்கடலில் போகும் கப்பலுக்கு அடிப்பாகம் ஆழமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலையில் உருண்டுவிடும். கரையில் ஏறும் கப்பலுக்கு அடிப்பாகம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கரைக்கு வெகு தூரத்திலேயே தரை தட்டி நின்றுவிடும். ஒன்றுக்கு வேண்டியது மற்றொன்றுக்கு ஆகாது.

முதலில் அவசரத்துக்கு ஒரு வழி கண்டார்கள். தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டில் மராக்காய்போ என்று ஓர் ஏரி. அதன் வாயில் மணல் திட்டு இருப்பதால் அங்கே ஓடும் எண்ணெய்க் கப்பல்கள் ஆழம் குறைவாகக் கட்டப்பட்டவை. அவற்றில் மூன்றைப் பிடித்து, முன்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்தார்கள். அதில் ஒன்றான பச்சாகேரோ 1942 மே மாதம் மடகாஸ்கர் தீவில் இறங்கிய படையோடு போனது. ஆனாலும் மூன்று கப்பலை வைத்துக்கொண்டு உலகப் போர் செய்ய முடியுமா? முடியாது.

ஒரு தாளில் போட்ட படம்

பிரிட்டன் அமெரிக்காவிடம் உதவி கேட்டது. 1941 நவம்பரில், அமெரிக்கக் கடற்படையின் கப்பல் பிரிவில் வேலை பார்த்த ஜான் நீடர்மையர் என்ற பொறியாளர், சில மணி நேரத்தில் ஒரு தாளில் ஒரு படம் போட்டார். பிறகு ஆயிரத்துக்கு மேல் கட்டப்பட்ட கப்பல்களுக்கு அந்தப் படமே அடிப்படை ஆயிற்று. அதைத்தான் டாங்கி இறக்கும் கப்பல் என்கிறோம். கடற்படைக்காரர் சுருக்கமாக எல்.எஸ்.டி. என்பார்கள்.

அதன் நீளம் 328 அடி, அகலம் 50 அடி. மாணவர்களே, 328 அடி என்பது சரியாக 100 மீட்டர்! விளையாட்டுப் போட்டியன்று நம் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுகிறீர்களே, அந்த ஓட்டத்தின் ஆரம்பக் கோட்டில் கப்பலின் வால், முடிவுக் கோட்டில் அதன் மூக்கு. அந்த மூக்குத்தான் அதிசயம். அது இரண்டு கதவாகப் பிளந்து திறக்கும். உள்ளேயிருந்து ஒரு சாய்வுப் பலகை கீழே இறங்கும். அதன் வழியாக டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். கீழ்த்தளத்தில் சுமார் 20 டாங்கி நிற்கலாம். மேல்தளத்தில் லாரியும் ஜீப்பும் நிற்கும்.

பால் டின் பாடம்

ஆழமும் வேண்டும், ஆழமில்லாமலும் வேண்டும் என்ற சிக்கலை நீடர்மையர் எப்படித் தீர்த்தார்? இதைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு காலிப் பால் டின்னை எடுத்துக் குளிக்கும் தொட்டியில் விடுங்கள். அது உயரமாக மிதக்கும். ஆனால் லேசாகத் தட்டினாலே கவிழ்ந்துவிடும். இப்போது அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி விடுங்கள். டின் ஆழமாக இறங்கி ஆடாமல் நிற்கும். ஊற்றின தண்ணீரை வாரி வெளியே கொட்டினால் மறுபடி உயரும். இவ்வளவுதான் இரகசியம்!

கப்பலின் அடியிலும் பக்கங்களிலும் பெரிய பெரிய தொட்டிகள் வைத்தார்கள். நடுக்கடலில் போகும்போது அவற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். கப்பல் தணிந்து நிதானமாகப் போகும். கரை நெருங்கியதும் பம்பு வைத்து நீரை வெளியேற்றும்; கப்பல் உயர்ந்துவிடும். அப்போது முன்பக்கம் சுமார் 4 அடி நீர், பின்பக்கம் சுமார் 10 அடி நீர் இருந்தால் போதும். நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கவும் எழவும் செய்கிற அதே வேலைதான் இது.

கரையில் ஏறினால் மட்டும் போதுமா? திரும்பி வர வேண்டாமா? அதற்கும் ஒரு யோசனை. கரைக்கு வரும் வழியிலேயே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டுக் கம்பிக் கயிற்றை விட்டுக்கொண்டே வரும். சாமான் இறங்கியதும் அந்தக் கயிற்றைச் சுற்றி இழுக்கும். கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறை இல்லாத கப்பலும் அல்ல. ரயில் எஞ்சினுக்குச் செய்த டீசல் யந்திரம் இரண்டைப் பூட்டினார்கள். வேகம் மணிக்கு 12 கடல் மைல்தான்; நம் கணக்கில் சுமார் 22 கிலோமீட்டர். எல்.எஸ்.டி. என்ற மூன்று எழுத்துக்கும் 'பெரிசு, மந்தம், குறி வைக்கத் தோது' என்று அதில் வேலை செய்தவர்களே கேலியாக அர்த்தம் சொல்லிக்கொண்டார்களாம்.

சோளக்காட்டுக் கப்பல்கள்

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. கடலோரக் கப்பல் பட்டறைகளில் எல்லாம் போர்க்கப்பல் வேலை நடந்துகொண்டிருந்தது. இடமில்லை. ஆகவே இந்தக் கப்பல்களில் பெரும்பகுதியைக் கடலுக்கு வெகு தூரத்தில், உள்நாட்டு ஆற்றங்கரைகளில் கட்டினார்கள். எவன்ஸ்வில், செனீக்கா, அம்பிரிட்ஜ் என்ற ஊர்கள். சுற்றிலும் சோளக்காடு! கட்டியவர்களும் கப்பல் பரம்பரை அல்ல. பாலம் கட்டும் கம்பெனிகள் கட்டின. கலப்பை பிடித்தவர்களும், வீட்டில் ரொட்டி சுட்ட பெண்களும் பற்றவைப்பு வேலை கற்றுக்கொண்டு இரும்பை ஒட்டினார்கள். எவன்ஸ்வில் பட்டறை ஒன்றிலிருந்து மட்டும் 167 கப்பல்கள் ஆற்றில் இறங்கின. அமெரிக்காவில் மொத்தம் 1,051 கட்டினார்கள்.

கடலையே கண்ணால் பாராத கைகள் கடலை வென்ற கப்பலைக் கட்டின. "நமக்கு எங்க இதெல்லாம் வரப்போகுது" என்று சொல்லும் பிள்ளைகளும் பெற்றோரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் இருந்து, கற்றுக்கொள்ள மனமும் இருந்தால், பால் வெட்டிய கையும் எதையும் செய்யும்.

நாம் காத்திருந்த காலம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பின் மூன்றரை ஆண்டு, நம் பெரியவர்கள் "ஜப்பான்காரன் காலம்" என்று சொல்லும்போதே குரல் இறங்கிப் போகும் காலம்.

எங்கள் பாட்டி போர்ட்டிக்சன் ரோட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்போது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லிலேயே தருகிறேன்: "அரிசியக் கண்ணால பாக்கல. மரவள்ளிக்கெழங்குதான் காலையில, அதுதான் ராத்திரியில. வாழமரம் போட்ட நோட்டு மூட்டையா இருக்கும், ஒண்ணும் வாங்க முடியாது. சாக்க வெட்டித்தான் உடுத்துனோம். எங்க பெரியண்ணன சயாமுக்கு ரயிலு போடக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. மூணு மாசத்துல திரும்பிடலாம்னாங்க. அவரு திரும்பல."

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் போட்ட அந்த ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வேலைக்குப் போன ஆசியத் தொழிலாளர் இலட்சத்துக்கும் மேல். அதில் நம் தோட்டத்துத் தமிழர் ஏராளம். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் மடிந்தவர் பல்லாயிரம் பேர்.

மாணவர்களே, இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நேச நாடுகள் ஏன் சீக்கிரம் வரவில்லை? காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒரு முக்கியமான காரணம் நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கப்பல்தான். 1943 கடைசியில் அந்தமான் தீவுகளில் இறங்கத் திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, கப்பல்களை ஐரோப்பாவுக்குத் திருப்பிக்கொண்டார்கள். சுமத்ராவில் இறங்கும் யோசனையும் நிறைவேறவில்லை. இரண்டு பெரிய சாம்ராஜ்யங்களின் தலைவிதி இந்த எல்.எஸ்.டி. என்ற கப்பல்களில் மாட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று சர்ச்சிலே சலித்துக்கொண்டார். 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் அவை வாயைத் திறந்தன. ஐரோப்பா முந்திக்கொண்டது. நம் லயத்து வாசலில் விளக்கு ஏற்ற எண்ணெய் இல்லாமல் காத்திருந்தவர்களுக்குத் தங்கள் விடிவு எங்கோ கட்டப்படும் ஒரு கப்பலின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

ஆழம் தெரியாமல் காலை விடாதே

1945-இல் ஐரோப்பாவில் போர் முடிந்தது. அதன்பின் மலாயாவில் இறங்கத் திட்டம் தயாரானது. அதற்கு இட்ட இரகசியப் பெயர் 'ஜிப்பர்'. இறங்க வேண்டிய இடம் எது தெரியுமா? சிலாங்கூரில் மோரிப், நம் நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் கரை. போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தையும் போர்ட்டிக்சனையும் பிடித்துக்கொண்டு தெற்கே சிங்கப்பூர் நோக்கிப் போவது நோக்கம். நாளும் குறித்தாயிற்று: செப்டம்பர் 9.

கொஞ்சம் நிதானித்து யோசித்துப் பாருங்கள். அந்தப் படை போகும் வழியில் என்ன இருந்தது? ரப்பர் தோட்டங்கள். லயங்கள். கோவில்கள். ஆயாக் கொட்டகைகள். சண்டை நடந்திருந்தால் அது நம் வாசலில் நடந்திருக்கும்.

நடக்கவில்லை. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவிலும் 9-இல் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. ஆகஸ்டு 15-இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. எங்கோ இரண்டு நகரங்களில் குழந்தை குட்டியோடு மாண்டவர்களை நினைத்தால், நாம் பிழைத்ததைச் சொல்லி மகிழவும் மனம் வரவில்லை. சரித்திரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. அங்கே நின்று தலை குனிந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

போர் முடிந்தாலும் கப்பல்கள் புறப்பட ஆயத்தமாகிவிட்டதால், குறித்த நாளிலேயே படை வந்து இறங்கட்டும் என்று முடிவானது. இந்தியத் துறைமுகங்களிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. செப்டம்பர் 9-ஆம் தேதி காலை மோரிப் பக்கத்தில் 25-ஆவது இந்திய டிவிஷன் இறங்கியது. இந்த டிவிஷன் 1942-இல் பெங்களூரில் அமைக்கப்பட்டது. அதை ஒட்டிய நாள்களில் 23-ஆவது இந்திய டிவிஷன் ஆட்கள் போர்ட்டிக்சன் கரையில் இறங்கிச் சிரம்பான் பக்கம் வந்தார்கள்.

சுடுவதற்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் இறக்கம் சரியாக நடக்கவில்லை! மேற்குக் கரை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். மேலே மணல் மாதிரி தெரியும். காலை வைத்தால் அடியில் களிச்சேறு. கரைக்கு முன்னால் மணல் திட்டு. அலை வற்றினால் கடல் அரை மைல் தள்ளிப் போய்விடும். கப்பல்களும் படகுகளும் திட்டில் தட்டி நின்றன. இறங்கிய வண்டிகள் பல சேற்றில் புதைந்து உப்புநீரில் மூழ்கின. அடைமழைக் காலத்தில் பால் லாரி தோட்டத்து மண் ரோட்டில் அச்சு வரை இறங்கி, ஆள் கூடித் தள்ளுவார்களே, அதே கதைதான். ஆனால் நூறு மடங்கு பெரிசு.

முன்கூட்டிப் பார்க்காமலும் இல்லை. அந்த ஆண்டு ஜூன் மாதமே ஒரு சிறு குழு இரவில் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, மோரிப் கரையில் மண்ணைச் சோதித்தது. அதில் சிலர் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் காட்டுப் படையிடம் போய்ச் சேர்ந்தார்கள். அப்படியும் கரையின் குணம் முழுதும் பிடிபடவில்லை. உண்மையாகவே சண்டை நடந்திருந்தால் இறங்கிய படை கடற்கரையிலேயே பலமாக அடிபட்டு மாட்டிக்கொண்டிருக்கும் என்று பிரிட்டிஷாரின் போர் வரலாறே பின்னால் ஒப்புக்கொண்டது. எத்தனை புத்திசாலித்தனமான கப்பலாக இருந்தாலும், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற நம் பழமொழிக்கு அதுவும் விதிவிலக்கு இல்லை. ஒருவேளை அங்கே வலை வீசிய மீனவர் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்: "துவான், அங்கே சேறு!"

இரு பக்கமும் நம்மவர்

இந்தச் சரித்திரத்தில் நெஞ்சைக் குத்தும் பகுதி ஒன்று உண்டு. கப்பலிலிருந்து இறங்கியவர் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். கரையில் இருந்தவர்களிலும் இந்தியர் உண்டு. அவர்களில் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், நம் தோட்டங்களிலிருந்தே இளைஞர்களும் இளம் பெண்களும் புறப்பட்டார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் கதை எத்தனை! சிரம்பானில் அந்த இராணுவத்தின் முகாம் இருந்தது. 1945 ஆகஸ்டு மத்தியில் ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி நேதாஜியின் காதுக்கு எட்டியபோது அவர் இருந்த ஊர் நம் சிரம்பான்தான்! அங்கிருந்து சிங்கப்பூர் போனார். அவர் ஜூலையில் அங்கே அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னம், பிரிட்டிஷ் படை திரும்பி வந்த சில நாள்களில் தகர்க்கப்பட்டது.

ஜப்பான் விழாமல் போர் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போர்ட்டிக்சன் ரோட்டில் இந்தியனுக்கு எதிரே இந்தியன் துப்பாக்கி நீட்டியிருப்பான். ஒருவன் சம்பளத்துக்காக வந்தவன், ஒருவன் சுதந்திரத்துக்காக நின்றவன் என்று சுலபமாகப் பிரித்துப் பேசவும் கூடாது. இரண்டு பக்கத்திலும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அந்த நாள் வராமல் போனது நம் பாக்கியம்.

மறுபடி எங்கள் பாட்டியின் பேச்சுக்கு வருகிறேன். "ஒரு நா காலையில ரோட்டுல லாரி சத்தம். வரிசையா வருது. தலப்பா கட்டுன ஆளுங்க, தொப்பி போட்ட ஆளுங்க. சின்னப் புள்ளைங்க நாங்க பயந்து மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டோம். எங்கம்மா மட்டும் ரோட்டுக்கு ஓடிட்டாங்க. நின்ன லாரிக்கிட்ட எல்லாம் போயி, 'சயாமுக்குப் போனவங்க உங்க கூட வராங்களா சாமி'ன்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பாஷை புரியல. கடைசி லாரியில ஒருத்தரு தமிழ்ல 'எந்த ஊரும்மா'ன்னாரு. அம்மா ஊரச் சொன்னாங்க. அவரு ஒரு ரொட்டி டின்ன எடுத்துக் கையில குடுத்துட்டு, 'நாங்க கடல் வழியா வந்தோம்மா, சயாம் வழியா வரல'ன்னாரு. அம்மா அந்த டின்னத் தொறக்கவே இல்ல. அண்ணன் வந்தா குடுக்கணும்னு வெச்சிருந்தாங்க."

இதற்கு மேல் நான் என்ன எழுத? கப்பலின் நீளம், அகலம், எடை எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ரொட்டி டின்னின் எடையை யார் எழுதி வைத்தார்கள்?

நம் நாட்டுக் கொடி பறந்த கப்பல்கள்

போர் முடிந்ததும் இந்தக் கப்பல்களுக்கு வேலை முடியவில்லை. வாகனம் நேரே ஏறி நேரே இறங்கும் வசதியைப் பார்த்த ஒரு கம்பெனி, 1946-இல் பிரிட்டிஷ் அரசிடம் சில கப்பல்களை வாடகைக்கு எடுத்து லாரி ஏற்றும் பெரிப் படகாக ஓட்டியது. இன்று காரும் லாரியும் நேரே ஏறிப்போகும் பெரிய கப்பல்களுக்கு இது ஒரு முன்னோடி.

நம் மலேசியக் கடற்படையிலும் இவை பணியாற்றின. 1971-இல் அமெரிக்காவிலிருந்து ஒன்று வந்தது; 'ஸ்ரீ லங்காவி' என்று பெயர் சூட்டினார்கள். அதற்கு முன் அது வியட்நாம் போரில் ஆற்றுப் படகுகளுக்குத் தாய்க் கப்பலாக இருந்தது. 1976-இல் 'ஸ்ரீ பங்கி', 'ராஜா ஜாரோம்' என்று மேலும் இரண்டு. இந்த மூன்றும் எங்கே பிறந்தவை தெரியுமா? முறையே அம்பிரிட்ஜ், எவன்ஸ்வில், செனீக்கா. ஆம், முன்னே சொன்னேனே, அதே ஆற்றங்கரை ஊர்கள்! மூன்றையும் கட்டியவை பாலம் கட்டும் கம்பெனிகள்தான். சபா, சரவாக் என்று கடல் பிரித்து வைத்த நம் நாட்டுக்கு இப்படிப்பட்ட கப்பல் எவ்வளவு அவசியம் என்று வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும்.

பிறகு வந்தது 'ஸ்ரீ இந்திரபுரா'. இது நியூபோர்ட் என்ற புதிய வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பில் 20 கப்பல்கள் கட்டினார்கள். நீளம் 522 அடி. வாய் திறக்கும் பழைய கதவு இதற்கு இல்லை. கதவு வைத்த மொட்டை மூக்கு வேகத்தைக் கெடுத்ததால், மூக்கைக் கூராக்கி, அதற்கு மேலே 112 அடி நீளப் பாலம் ஒன்றை வைத்து நீட்டி இறக்கும்படி செய்தார்கள். வேகம் 20 கடல் மைலாக உயர்ந்தது. 1994 கடைசியில் நம் நாடு இதை வாங்கியது. 2008-இல் ஏடன் வளைகுடாவில் நம் நாட்டு வணிகக் கப்பல்களைக் கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டபோது, காவலுக்குப் போன கப்பல்களில் இதுவும் ஒன்று. 2009 அக்டோபரில் லுமுட் தளத்தில் நின்றிருந்தபோது தீப்பிடித்து எரிந்தது. அடுத்த ஆண்டு பணியிலிருந்து விலக்கினார்கள்.

இந்தியக் கடற்படையிலும் இதே இனத்துக் கப்பல் ஒன்று இருந்தது. பெயர் 'மகர்', அதாவது முதலை. வாய் பிளக்கும் கப்பலுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! 1987-இல் பணி தொடங்கி 2023-இல் ஓய்வு பெற்றது. டாங்கி ஏற்றக் கட்டிய அந்த முதலை, 2020-இல் கொரோனா நோய்க்காலத்தில் மாலத்தீவில் தவித்த இந்தியரை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. செய்த கை ஒரு நோக்கத்தோடு செய்தாலும், பயன்படுத்தும் கை அதை நல்லதுக்கும் திருப்பலாம் என்பதற்கு இது சாட்சி.

எழுதி வையுங்கள்

அமெரிக்காவில் அந்தப் பழைய கப்பல்களில் ஒன்று, எண் 325, கிரேக்க நாட்டில் கிடந்தது. 2000-ஆம் ஆண்டு, எழுபது வயது தாண்டிய முன்னாள் கப்பல்காரர்கள் போய் அதைப் பழுது பார்த்து, தாங்களே ஓட்டிக்கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி 2001-இல் ஊர் வந்து சேர்ந்தார்கள். இன்று அது எவன்ஸ்வில்லில் காட்சிக்கு நிற்கிறது. அவர்கள் தங்கள் சரித்திரத்தைக் கிழவயதிலும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? மோரிப் கரையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அது படை இறங்கியதைச் சொல்லும். கரையில் காத்திருந்தவர்களைச் சொல்லாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்துவிட்டன. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனோம். 1945-ஐக் கண்ணால் கண்டவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல், தொண்ணூறு வயது. எங்கள் பாட்டியும் போய்விட்டார். அவர் சொன்னதை ஒரு நோட்டில் நான் எழுதி வைத்திருந்ததால்தான் இன்று உங்களுக்குச் சொல்ல முடிகிறது. எழுதாமல் விட்டது எவ்வளவோ. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கும், இந்த ஆண்டு பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரே வேண்டுகோள். பரிசாகவோ விலைக்கோ ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தால், முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரை எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில் வந்தார்கள், ஜப்பான்காரன் காலத்தில் எங்கே இருந்தார்கள், யார் சயாமுக்குப் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது "அது எதுக்கு இப்ப" என்று தட்டிவிடாதீர்கள். உட்கார்ந்து சொல்லுங்கள். தெரிந்த வரைக்கும் சொல்லுங்கள்.

அன்று கடற்கரையில் கேள்வி கேட்ட அந்த மாணவன் மறுவாரம் ஒரு பால் டின்னோடு வகுப்புக்கு வந்தான். தொட்டியில் மிதக்க விட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "டீச்சர், எங்க தாத்தாவோட அப்பாவும் சயாமுக்குப் போனாராம். நேத்துதான் தாத்தா சொன்னாரு. நான் கேட்டதே இல்ல டீச்சர்."

கேட்டுவிட்டான். அது போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!